வத்தல் மண்டித் தீர்க்கதரிசி

அட்வென்ட் மூன்றாம் ஞாயிறு நாடகத்துக்கு
யோவான் ஸ்நானகன் கிடைக்கவில்லை.
மரியாளுக்கு ஏழு பேர் போட்டி,
சாஸ்திரிகள் மூவருக்குப் பதினோரு தாடி.
ஏரோது வேஷத்துக்கே
ஒருவர் சிபாரிசோடு வந்து போனார்.
சபையைப் பார்த்து
விரியன் குட்டிகளே என்று கூப்பிட மட்டும் ஆளில்லை.
அடுத்த மாதம் சபைத் தேர்தல்.

கடைசியில் சுகிர்தராஜ் மாட்டினார்.
பசுமலைப் பக்கம் கூட்டுறவு வங்கியில் காசாளர்.
கிழிந்த நோட்டைத் திருப்பித் தரும்போது
அந்த நோட்டிடமே மன்னிப்புக் கேட்பவர்.
ஒத்திகையில் சொன்னார்:
"மனந்திரும்புங்க... உங்களுக்கு எப்ப தோதுப்படுதோ."
ரெபேக்காள் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.
"கோடாரியை வேர்லயே வச்சாச்சுண்ணே! கோவமாச் சொல்லுங்க."
"மரத்துக்காரங்ககிட்ட கேட்டாச்சாம்மா?" என்றார் இவர்.

செயலாளர் என்ற முறையில்
உடை என் பொறுப்பு.
ஒட்டக ரோமத்துக்கு மதுரையில் எங்கே போவது?
விளக்குத்தூணில் விசாரித்தால்
"காட்டன்ல பாருங்க சார், உடம்புக்குக் குளிர்ச்சி" என்றார்கள்.
வந்த காரியம் மறந்து
ஒன்று வாங்கினால் ஒன்று இலவசத்தில்
எனக்கு ரெண்டு சட்டை எடுத்தேன்:
மாம்பழ மஞ்சள், பொடிக் கட்டம்.
போகிற வழியில் கீழமாசி வீதி பால்பாண்டி
தன் மண்டியிலிருந்து ஒரு சாக்கு தந்தார்.
உதறித்தான் தந்தார்.
சட்டைப் பைக்கு மேலே வைத்து
வண்டிப் பெட்டியை அமுக்கி மூடினேன்.

ஞாயிறு சாயங்காலம்
சாக்குக்குள் சுகிர்தராஜ் இறங்கினார்.
வார்க்கச்சைக்கு அவருடைய ஆபீஸ் பெல்ட்,
வெட்டுக்கிளிக்கு ஓமப்பொடி.
மேடையில் ரெண்டு அடி வைப்பதற்குள்
தையலில் ஒளிந்திருந்த வத்தல் தூள்
முதுகில் வேலையைத் தொடங்கிவிட்டது.

"விரியன் குட்டிகளா!"

அது சுகிர்தராஜின் குரலே இல்லை.
முன்வரிசை கால்களை மேலே தூக்கிக்கொண்டது.
"பள்ளத்தையெல்லாம் நிரப்புங்கடா!" என்று
அவர் குதித்த குதியில்
மாநகராட்சிப் பொறியாளர் தவசீலன்
சர்ச் வாசல் குழியை நினைத்துக் குனிந்தார்.
தீர்க்கதரிசியின் கண்ணில் தாரை தாரையாய் நீர்.
நெஞ்சைப் பிறாண்டினார்,
துக்கம் என்று நினைத்தோம்.
பாடகர் குழுவில் ஒரு தும்மல்,
பிறகு பெண்கள் பக்கம்,
பிறகு சபை முழுக்கக் கண்ணைத் துடைத்தது.
வாய்க்கால் தகராறில் பல வருஷம் பேசாத
பங்காளிகள் ரெண்டு பேர்
ஒரே கைக்குட்டையில் மூக்குச் சிந்தினார்கள்.
நெடி எதுவானால் என்ன.

"ரெண்டு அங்கி வச்சிருக்கவன்
ஒண்ணை இல்லாதவனுக்குக் குடு!"
சிவந்த கண் என்மேல் வந்து நின்றது.
தற்செயல்தான்.
நான் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

முடிந்ததும் குழாயடியில் பார்த்தேன்.
வேட்டியோடு குத்தவைத்திருந்தார், முதுகெல்லாம் தடிப்பு.
பால்பாண்டி வாளி வாளியாய் ஊற்ற
ஸ்நானம் கொடுக்க வந்தவர்
வாங்கிக்கொண்டிருந்தார்.
வைகையில் அன்று தண்ணீர் ஓடியதா தெரியாது,
குழாயில் வந்தது, அது போதும்.
இவர் சட்டை இருந்த அறையைப் பூட்டி
சாவியோடு கோயில்பிள்ளை
உசிலம்பட்டி பஸ் ஏறியிருந்தார்.
"ரொம்பக் கத்திட்டேனா சார்?" என்றார், பல் கிட்டித்தபடி.
டிசம்பர் பனி.
என் வண்டிப் பெட்டியில் பிரிக்காத பை.
ஒரு நிமிடம் யோசித்தேன்.
சரி, மூன்று.

கிறிஸ்துமஸ் ஆராதனை, காலை நாலரை மணி.
மாம்பழ மஞ்சள், பொடிக் கட்டத்தில்
தெற்கு வாசலில் நான் நுழைய
வடக்கு வாசலில் அதே மஞ்சள், அதே கட்டம்.
"அண்ணன் தம்பியா?" என்றது
ஊருக்குப் புதிதாய் வந்த குடும்பம்.
சுகிர்தராஜ் மன்னிப்புக் கேட்டார்.
நான் ஆமாம் என்றேன்.

ஜெபத்துக்குத் தலை குனிந்தபோது
கழுத்துப்பட்டியில் லேசாக ஏதோ சுட்டது.
திரும்பிப் பார்த்தேன்,
அவரும் முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டிருந்தார்.
ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில்
ரெண்டு பேரும் சேர்ந்து
தும்மினோம்.