மஸ்கட் வழி

மனாமாவில் பயணச்சீட்டு விற்கிறேன்.
எவ்வளவு நேரம் என்று கேட்டால்
கணினியைப் பார்க்காமலே சொல்வேன்.
கொச்சி நாலே கால். சென்னை ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு.
தோஹாவுக்கு மட்டும்
விரலைச் சொடுக்கிக் காட்டுவேன் அப்போதெல்லாம்.

நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம்.
அட்டவணையில் ஐம்பது நிமிடம்,
தரையில் உருள்வது போக
வானத்தில் இருப்பது இருபத்தைந்தோ முப்பதோ.
பழச்சாற்றுக் குவளையின் தகடு மூடியை
நகத்தால் கிள்ளி உரிப்பதற்குள்
இருக்கையை நிமிர்த்தச் சொல்வார்கள்.
ஜெசிந்தா அங்கே ரத்தம் பரிசோதிக்கிறாள்.
வியாழன் இரவு போவேன், சனி இரவு வருவேன்.
"பொண்டாட்டி அடுத்த தெருவில்" என்பார்
மேலாளர் குஞ்ஞுமோன்.

ஒரு ஜூன் மாதம், நோன்பு நாட்களில்,
வானத்தை மூடினார்கள்.
கடையை மூடுவார்கள், கணக்கை மூடுவார்கள்;
வானத்துக்கும் ஒரு ஷட்டர் உண்டென்று
பதினோரு வருடம் அதை விற்றவனுக்கே தெரியாது.
கடல் அங்கேயேதான் கிடந்தது.
தோஹா ஒரு முழம்கூடத் தள்ளிப் போகவில்லை.
என் திரையில்
நேர்வழி என்ற வரி வெளுத்தது,
மறுநாள் அதுவும் இல்லை.

பிறகு மஸ்கட் வழி.
தென்கிழக்கே எண்ணூறு கிலோமீட்டர் போய்
எழுநூறு திரும்பி வருவது.
இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளு,
அடுத்ததில் ஏறியதும் பின்னே இழு.
நடுவில் அந்த ஒரு மணி நேரம்
யாரிடம் இருந்தது என்று கேட்க ஆளில்லை.
ஏழு மணி நேரம், சில வாரம் பதினொன்று.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்கு
கட்டணம் போட்டு
ரசீதும் கொடுத்தேன் ஊருக்கெல்லாம்.

முதல் தடவை கொண்டுபோன பஹ்ரைன் அல்வாவை
மஸ்கட் சோதனையில் எடுத்து வைத்துவிட்டார்கள்.
குழைவாக இருந்தால் திரவமாம்.
"உள்ளே கடையில் எங்கள் அல்வா இருக்கிறது,
இதைவிட நன்றாக இருக்கும்" என்றார் காவலர்,
உண்மையான அக்கறையோடு.
ஜெசிந்தாவும் அதையே சொன்னாள்.

ஆறு வருடம் நிறையப் போகையில் நேர்வழி திரும்பியது.
முதல் வாரமே எனக்கொரு சீட்டுப் போட்டேன்.
கையில் ஒரு சண்டையும் இருந்தது:
டப்ளினில் ஒரு மருத்துவமனைக்கு எழுதிப்போட்டிருக்கிறாள்,
நேர்காணலும் முடிந்திருக்கிறது,
எனக்கு அவள் அறைத்தோழி சொல்லித் தெரிகிறது.

மஸ்கட் வழி என்றால்
முதல் விமானத்தில் கேட்க வேண்டியதை அடுக்குவேன்,
காத்திருப்பில் பாதியை அடித்துவிடுவேன்,
இரண்டாவதில் தூங்கிப்போவேன்.
இறங்கும்போது பசி மட்டும் மிஞ்சும்.
இப்போது, குவளை மூடி பிரிக்காமலிருக்க,
கோபம் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் இருக்க,
தோஹா வந்துவிட்டது.

"அதுக்குள்ளயா?" என்றாள்.
அவளும் எதையோ யோசித்து முடித்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை.
வருகைக் கூடத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம்,
மஸ்கட்டில் உட்காருகிற மாதிரி,
பெட்டியைக் காலுக்கிடையே வைத்துக்கொண்டு.
இரண்டரை மணி நேரம்.
யாரும் எங்களை அடுத்த விமானத்துக்கு அழைக்கவில்லை.

"டப்ளின் இங்கேயிருந்து எவ்வளவு நேரம்?" என்று
காப்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

ஏழரை.

"கணினியைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்றேன்.