இடுப்புப் பட்டை

ஜூனில் புதைத்தோம்,
ஆளுக்கொரு வெள்ளைப் பருத்தி ஜட்டி,
அவரவர் வயலில், ஒரு சாண் ஆழத்தில்.
பில் போட்ட பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
பதினோரு ஜட்டி, எல்லாம் ஒரே அளவு.
"மண்ணுக்கு" என்றேன்.
பார்வை இன்னும் மோசமானது.

ஆகஸ்டில் தோண்டினோம்.
விஸ்கான்சினின் இந்த மடிப்புக் குன்றுகளில்
ஒரு நல்ல மழை போதும்,
வயல் பாதி ஓடையில் இறங்கிப் போகும்.

முதலில் என்னுடையது.
எல்டர்பெரிப் புதர்களுக்கிடையே
பனிக்காலம் முழுக்க ரை விதைத்து மூடிவைத்த மண்.
மண்வெட்டி போனதே தெரியவில்லை.
வந்தது இடுப்புப் பட்டை மட்டும்,
தின்று வைத்த மீன்முள்ளாக.
எல்லாரும் கைதட்டினார்கள்.
என் உள்ளாடைக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை.

அடுத்து ஓரின் ஹௌக்ஸ்டாடின் வயல்.
முப்பத்தெட்டு வருஷ மக்காச்சோளம்,
கோடு பிசகாத உழவு.
மண்வெட்டி ணங்கென்றது.
முழுசாக வந்தது. உதறினார்.
துவைத்தால் உடுத்தலாம்,
தையல்கூடப் பிரியவில்லை.
சிரித்தோம். அவரும்தான்.
பிறகு அதை நாலாக மடித்தார்,
ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த துணியைப் போல,
மார்புப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிக்கப் வண்டியின் பின்பலகையில் இரண்டு கண்ணாடிச் சாடி.
தண்ணீருக்குள் என் மண்கட்டி
வைத்தபடி இருந்தது.
அவருடையது பத்து எண்ணுவதற்குள்
பாலூற்றிய காபி.

பூண்டு விலை, பறவை வலை,
ஹேசல் கன்று எத்தனை அடிக்கு ஒன்று
என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது
யெர் ஷ்யோங் கை தூக்கினாள்.
எலுமிச்சைப்புல் கீறிய விரல்கள்.
"ஹேசல் காய்க்க ஐந்து வருஷம் என்கிறீர்கள்.
என் குத்தகை மார்ச்சோடு சரி.
எதை நம்பி நடட்டும்?"

வெட்டுக்கிளிச் சத்தம் திடீரென்று பெரிதாயிருந்தது.
நான் கையிலிருந்த பட்டையைப் பார்த்தேன்.
அறுபது நாளில் இதைத் தின்னும் பசி வர
மண்ணுக்குப் பதினோரு வருஷம் கொடுத்திருந்தேன்.
கொடுக்க முடிந்தது:
பத்திரம் என் பெயரில்.

ஓரின் தொப்பியைக் கழற்றி, திரும்ப மாட்டினார்.
"கீழ் மூலையில்" என்றார், யாரையும் பாராமல்,
"ஓடைப் பக்கம் டிராக்டர் திரும்பாது.
ரெண்டு ஏக்கர் தேறும். ஒரே கல்லு."

"எத்தனை வருஷத்துக்கு?"

"அதை மார்லிஸிடம்தான் கேட்கணும்."

"கேளுங்கள். அதுக்கு முன்னால் கல்லைப் பார்க்கிறேன்."

இருவரும் சரிவில் இறங்கினார்கள்.
மண்வெட்டி அவள் தோளில்.
அவர் பையிலிருந்து
வெள்ளையாய் ஒரு விளிம்பு
எட்டிப் பார்த்தபடி போயிற்று.