பதினான்காம் கட்டம்

வருஷத்துக்கு ஒரு தரம், அக்டோபரில்,
இந்த மலைச்சாலையில் ஏறி வருகிறேன்.
மற்றவர்கள் இலை பார்க்க வருகிறார்கள்.
நான் தீயணைப்பு உருளைகளின் முள்
பச்சையில் நிற்கிறதா என்று பார்க்க.

நாற்பத்தைந்துக்கு மேல் வேகம் கூடாது.
லாரிக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகைக்கும் இல்லை.
வளைவுக்கு வளைவு மேப்பிள் மரங்கள்
சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகச் சிவக்கின்றன.
சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள்:
எது நிற்க வேண்டும், எது விழ வேண்டும் என்று
சாலை போட்ட நாளிலேயே வரைபடம் இருந்ததாம்.

சுரங்கம் தாண்டி மூன்றாவது திருப்பம்.
ஆல்டர்மன் பண்ணைவீடு, அனுமதி இலவசம்.
ஒரே அறை. கோடாலியில் செதுக்கிய கட்டைகள், இடுக்கில் களிமண்.
கயிறு பின்னிய கட்டில்,
வெண்ணெய் கடையும் மரக்குடம்,
சுவரில் ஒட்டிய பழைய செய்தித்தாளில் இருமல் மருந்து விளம்பரம்,
கரி படியாத கணப்படுப்பு.
அதன் பக்கத்தில், சிவப்பாக, என்னுடைய உருளை.
அந்த அறையில் கூப்பிட்டால் வேலை செய்யும்
ஒரே பொருள் அதுதான்.

வெர்னா ஆல்டர்மன் துணித்தொப்பியை அவிழ்த்து
மேசைமேல் வைத்தாள்.
காலில் ஓடுவதற்கான ஷூ.
பாவாடை தரையைக் கூட்டுவதால் யாருக்கும் தெரிவதில்லை.
காலையிலிருந்து மூன்று பேருந்து.
"ஒன்பது பேர் இதில் எப்படிப் படுத்தார்கள்?" என்று
ஒஹாயோக்காரர் ஒருவர் கேட்டாராம்.
"நெருக்கமாக" என்றாளாம்.
அதற்குத்தான் சம்பளம்.

உருளையைத் தலைகீழாக்கி அடியில் தட்டினேன்.
உள்ளே தூள் இறுகியிருந்தால் கைக்குத் தெரியும்.
படிவத்தில் ஒரு கேள்வி: கட்டடத்தின் பயன்பாடு.
போன வருஷம் 'வசிப்பிடம், பழையது' என்று எழுதியிருந்தேன்.
என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"பன்றிக் கொட்டில்" என்றாள்.

கொட்டில்தான்.
பிற்பாடு வெங்காயம் போட்டு வைத்தார்களாம்.
வீடு அந்தப் பக்கம் இருந்தது:
இரண்டு மாடி, வெள்ளைச் சாயம், தகரக் கூரை,
பதினொரு கண்ணாடி ஜன்னல்,
தொலைபேசி,
விலைப்பட்டியல் பார்த்து ரயிலில் வரவழைத்த ஒரு பியானோ.
வாங்கியவள் பெயர் ரூஹாமா.
மூன்று பாட்டு தெரியும் அவளுக்கு, மூன்றிலும் தப்பு.
சாலைக்காரர்கள் நிலத்துக்குப் பணம் கொடுத்தார்கள்.
குறைவு என்று சண்டை போட முடியாத,
போதும் என்று எழுந்து போகவும் முடியாத பணம்.
அப்புறம் தலைநகரத்திலிருந்து ஒரு கடிதம்:
வீடு மலைக்குப் பொருந்தவில்லை.
மலைக்காரர்கள் இத்தனை ஜன்னல் வைத்து
வாழ்ந்திருக்கக் கூடாது போல.
இரண்டே நாளில் இடித்தாயிற்று.
கொட்டிலைக் கழுவி, கணப்படுப்பு கட்டி, கட்டில் போட்டார்கள்.
கட்டில் வேறு கவுண்டியிலிருந்து வந்தது.

"அப்படியே எழுதட்டுமா?"
"எழுதிக்கொள்ளுங்கள். யார் படிக்கப்போகிறார்கள்."

எழுதினேன். பன்றிக் கொட்டில், மரம்.
அடைப்புக்குறிக்குள் வெங்காயம்.
மஞ்சள் அட்டையில் மாதத்தைத் துளைத்து
உருளையின் கழுத்தில் கட்டினேன்.

வெளியே பள்ளத்தாக்கு முழுக்க
சுற்றுலா மடிப்பேட்டில் இருப்பது போலவே இருந்தது.
அவள் சாப்பாட்டுப் பையோடு தன் பிக்கப் வண்டிக்கு நடந்தாள்.
பதினான்காம் கட்டம்.
பணியாளருக்கென்று பின்னால் நிழலில் தனி இடம் உண்டு;
அதில் ஒரு நாளும் விட்டதில்லை.
ஏழு மணிக்கே வந்து இதைப் பிடித்துவிடுகிறாள்,
பேருந்து ஓட்டுநர்கள் திரும்ப இடமில்லாமல் திட்டினாலும்.

கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கி,
"சமையலறை" என்றாள்,
சாண்ட்விச்சின் தாளைப் பிரித்தபடி.

நான் நின்றது பதினைந்தில்.
காலடியில் பார்த்தேன். தார். ஒரு வெள்ளைக் கோடு.
"இது என்ன அறை?"

மென்று விழுங்கும் வரை யோசித்தாள்.
"அங்கே சுவர் என்று நினைக்கிறேன்."

ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டேன்.