எழுத்துக்கு எட்டு ரூபாய்

படகுக்கு நம்பர் எழுதுகிறவன் நான்.
தடைக்காலத்து அறுபத்தோரு நாளும் கை நிறைய வேலை.
கரையேறிக் கிடக்கும் விசைப்படகின் விலாதான்
எனக்கு வயல்.
மற்ற மாதங்களில் மண்டபத்தில்
எழுத ஒன்றும் இருக்காது,
சீனியின் ஜூஸ் கடைப் பலகையைத் தவிர.

சீனி மரைக்காயர், முழுப்பெயர்.
'சீனி கம்மியா போடு சீனி' என்று
தினம் நாற்பது பேர் சொல்லிச் சிரிப்பார்கள்.
நாற்பதாவது ஆளுக்கும் அவன் சிரிப்பான்.

இந்த மண்ணில் தானாய்ப் பழுப்பது பனம்பழம்.
மற்றதெல்லாம் மதுரையிலிருந்து
பஸ் கூரையில் வெயில் வாங்கி வரும்.
பரமக்குடி வரைக்கும் பழம்,
உச்சிப்புளி தாண்டினால் சந்தேகம்.

"ஒத்தப் பழம்னா நாக்கு கண்டுபிடிச்சிரும்.
மூணக் கலந்தா குழம்பும்.
பேரு வச்சிட்டோம்னா
கேள்வியே கிடையாது."

முதல் பெயர் 'நடுக்கடல்'.
கறுப்பு திராட்சை மட்டும். கிளாஸில் அடி தெரியாது.
மிஞ்சிய படகுப் பச்சையில் எழுதினேன்.
எழுத்துக்கு எட்டு, ஆறெழுத்து, நாற்பத்தெட்டு.
"புள்ளி வச்சதெல்லாம் அரை மாத்திரைதானே,
அதுக்கு எப்படி முழுக் காசு?"
என்று நாற்பதை நீட்டினான்.
ஏழாம் வகுப்பு இலக்கணத்தை
இத்தனை வருஷம் பத்திரமாய் வைத்திருந்து
செலவழித்த ஒரே ஆள்.

பிறகு புள்ளியாகப் பார்த்துப் பெயர் தேடினான்.
இஞ்சியும் சாத்துக்குடியும் சேர்ந்தது 'கோஸ்ட் கார்ட்'.
குடித்தவன் நிமிர்ந்து உட்காருவான்.
ஆறெழுத்தில் நாலு புள்ளி!
அன்று முழுக்க அவன் விசிலடித்தான்.

'ரயில் லேட்': வாழைப்பழம், பால், அவல்.
ஸ்ட்ராவில் ஏறி வர அரைமணி ஆகும்.
'பாலம் தூக்கியாச்சு': சப்போட்டாவின் தலையில்
ஐஸ்கிரீம் கட்டி.
'துபாய் மச்சான்': பேரீச்சை, அத்தி, எண்ணி மூன்று முந்திரி,
தொண்ணூறு ரூபாய்.
இறங்குகிற வாரம் மட்டும் விற்கும்.
'தடைக்காலம்': அரை கிளாஸ், அரை விலை,
நோட்டில் கடன்.

ஐஸ் கம்பெனியில் பார் உடைக்கிற அமலோற்பவம்
நாலு மணிக்கு வருவாள்.
தர்பூசணி, எலுமிச்சை, ஒரு கல் உப்பு.
ஐஸ் கூடாது.
"நாளெல்லாம் தூக்குறேன். வயித்துக்குள்ள வேற எதுக்கு?"
அவளைப் பார்த்து நாலு பேர் கேட்டார்கள்,
நாற்பது பேர் ஆனார்கள்.
பலகையில் அவள் பெயரையே போடச் சொன்னான் சீனி.
ஏழெழுத்து, புள்ளி இரண்டு.
'லோ'வுக்குக் கொம்பும் காலும் தனிக் கூலி என்று
ஏணி மேல் நின்று நான் பேரம் பேச,
அவன் கீழிருந்து மறுக்க,
'அம' வரைக்கும் வந்திருந்தேன்.

"யாருய்யா அது, எறங்கு."

சாக்கு இடுப்போடு நின்றாள்.
"நாளைக்கி ஊர்ல ஒவ்வொருத்தனும்
ஒரு அமலோற்பவம் குடு,
ரெண்டாப் பிரிச்சிக் குடு,
காசு அப்புறம் தாரேன்னு நிப்பான்.
அழி."

சீனி மிக்ஸியைத் துடைக்க ஆரம்பித்தான்,
துடைத்ததையே திரும்பவும்.
மண்ணெண்ணெய் வீட்டில் இருந்தது.
படகுப் பச்சையோ, கச்சான் காற்றில் காய்ந்து
பிடித்துக்கொள்ளும் சாதி.
நின்றபடி யோசித்தேன்.
அப்புறம் ஒரே ஒரு எழுத்து சேர்த்தேன்:
ளி.

அமளி.

அண்ணாந்து வாய்க்குள் படித்துப் பார்த்தாள்.
"இது யாரு பேரும் இல்லையே?"
இல்லை என்றேன்.
இருபத்துநாலு ரூபாய். புள்ளி இல்லை,
தள்ளுபடியும் இல்லை.

ராமேசுவரம் போகிற வேன்கள் நிறுத்தி
அமளி என்றால் என்ன என்கின்றன.
குடிங்க, தெரியும் என்கிறான் சீனி.
வேறொரு கடை அதில் ஐஸ் போட்டு விற்கிறது;
அதே பெயர், இரண்டு ரூபாய் குறைவு.
அவள் எந்தப் பெயரும் சொல்வதில்லை.
விரலை மட்டும் காட்டுவாள்.
அவள் தரும் பத்து ரூபாய்த் தாள்கள்
ஐஸில் ஊறி ஈரமாய் இருக்கும்.
பலகையின் கீழ்விளிம்பில் துணிக் கிளிப் மாட்டி
சீனி அவற்றைக் காயப்போடுவான்.
சில நாள் என் எழுத்துகளே
பாதி மறைந்துவிடும்.