வரட்டா

சாலிகிராமம். டயர்க் கடை மாடி.
ஏசி ஓடினால் மைக்கில் கேட்கும்,
டேக் முடியும்வரை வியர்வை.
ஒன்பது கால்ஷீட்டுக்குள்
ஃபுசாயே ஓரிதோவாக எனக்கு வயதாக வேண்டும்:
பத்தொன்பதிலிருந்து எழுபத்தொன்று.

முதல் படத்தில் அவள் துறைமுகத்து மதுக்கடைப் பாடகி.
பேச்சு என்னுடையது, பாட்டு அவளுடையது.
"பாட்டு வந்தா வெளிய போய் டீ சாப்பிடுங்க மேடம்"
என்பார் சவுண்ட் இன்ஜினியர் கோதண்டபாணி.
நான் போகவில்லை.
ஹெட்போனோடு உட்கார்ந்து
அவள் மூச்செடுக்கும் இடங்களைப்
பென்சிலால் குறித்தேன்.
தோள் அசையாது. இடது நாசி மட்டும் விரியும்,
அதற்குள் அடுத்த வரி வந்துவிடும்.

மூன்றாம் படத்தில் பாட்டே இல்லை.
கம்பெனி தந்த ஒரு பக்கக் குறிப்பில் இருந்தது:
முப்பத்தெட்டு வயதில் தொண்டையில் கத்தி.
அதன்பின் இசைத்தட்டு கிடையாது, நடிப்புதான்.
இரண்டு கல்யாணத்துக்கும் சேர்த்து அரை வரி.
அந்தக் கரகரப்புக்காக
விடிகாலையில் தயிர், மேலே ஐஸ் தண்ணீர்.
வீட்டில் திட்டு.

உதடுதான் எங்கள் இலக்கணம்.
ரயிலடியில் மகனை விட்டுப் பிரிகையில்
அவள் வாய் 'ஆ'வில் திறந்தபடி நிற்கிறது.
"போறேன்" ஒட்டவில்லை.
அதற்கு உதடு மூட வேண்டும்; அவள் மூடவே இல்லை.
"போயிட்டு வரேன்" நீளம்.
வசனம் எழுதும் இம்மானுவேல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க,
"வரட்டா" என்றேன்.
கச்சிதம்.
ஜப்பானில் அவள் போனது போனதுதான்.
தமிழில்
வருவதாகச் சொல்லிவிட்டாள்.

கடைசிப் படம்.
துணி மடித்துக்கொண்டே முணுமுணுக்கிறாள்.
வந்த டிராக்கில் அந்த முணுமுணுப்பு இல்லை,
பேச்சோடு சேர்த்து அழித்திருக்கிறார்கள்.
"ஏதாவது ஹம் பண்ணுங்க மேடம், எட்டு செகண்ட்."

கோரஸுக்கு மூன்று முறை போய்
"உங்க குரல் பேச்சுக்கு நல்லா இருக்கும்"
என்று மூன்று முறையும் கேட்டவள் நான்.
பென்சில் தாளை எடுத்து வைத்தேன்.
முதல் படத்துப் பாட்டையே
சொல்லில்லாமல், பாதி சுருதியில்,
அவள் மூச்சு வாங்கிய இடத்தில் வாங்கி.

திரையில் அந்த இடது நாசி
என்னோடு சேர்ந்து விரிந்தது.
அதே இடம்.
எட்டு செகண்டும்.

"ஓகே. அடுத்த லூப்."

வவுச்சரில் 'கதாபாத்திரம்' என்ற கட்டத்தில்
'ஜப்பான் அம்மா' என்றிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.
ஆற்காடு ரோட்டில், மெட்ரோ தூண்களுக்கு நடுவே
ஷேர் ஆட்டோ நின்றது.
"வடபழனி டெப்போ" என்றேன்.
டிரைவர் திரும்பிப் பார்த்தார்,
ஏறியது வேறு யாரோ என்பதுபோல.