தொள்ளாயிரத்துக்குச் சற்றுக் கீழே

சுங்கை சிப்புட். இரவு மணி இரண்டேகால்.
செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில்
மலையைப் பிளந்து சுடுகிறது எங்கள் சூளை.
மேலே கல் போகிறது,
கீழே சுண்ணாம்பு இறங்குகிறது,
மிச்சம் ஒரு காற்று. நிறமில்லை, மணமில்லை.
அது வெளியேறினால்தான் எனக்குச் சம்பளம்.

இன்று வெளியேறவில்லை.
புகைவழிக் கதவு துருவில் சிக்கிக்கொண்டது.
வெந்து வந்த கட்டியொன்றைச் சுத்தியால் உடைத்தேன்:
சுற்றிலும் மாவு,
நடுவில் பலாக்கொட்டை அளவுக்கு
வேகாத மலை.

"இன்னும் ரெண்டு லோரி கல்லக் கொட்டு லா,"
தூக்கம் கலையாமல் போனில் மேனேஜர் லோகேந்திரன்.

கொட்டலாம் சார்.
ஆனால் அடைத்த இடத்தில்
கல் ஒரு படி கிடந்தாலும் ஒரு குன்றே கிடந்தாலும்
அந்தக் காற்றின் அழுத்தம் ஒன்றுதான்.
எண்ணூறு டிகிரியில்
வெளிக்காற்றில் கால்வாசிகூட இல்லை.
தொள்ளாயிரத்தை நெருங்கும்போதுதான்
அதோடு தோள் உரசும்.
அதுவரை
கல்லை விட்டுக் கிளம்புவதும்
கல்லுக்கே திரும்புவதும்
சரிக்குச் சரி.
எட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் அமைதி;
உள்ளே ஒரு நொடி ஓய்வில்லை.

குவாட்டர்ஸ் குழாயில் தண்ணீர் இல்லையென்று
முதல் மனுவில் நாற்பது கையெழுத்து.
இரண்டாவதில் நூற்று அறுபத்திரண்டு,
ரஃபீக்குல் வங்காளத்தில் போட்டதையும் சேர்த்து.
ஆள் கூடக் கூட அழுத்தம் கூடும் என்றார்
சங்கச் செயலாளர்.
இரண்டுக்கும் வந்தது அதே கடிதம்,
தேதி மட்டும் வேறு.

நானும் ரஃபீக்குலும் கடப்பாரையோடு ஏறினோம்.
நாலாவது நெம்பலில்
கதவு கீறிச்சிட்டு ஒரு சாண் விலகியது.
கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.
அளவுமானியின் முள் மட்டும்
பாரம் இறக்கிய தராசுபோலச் சரிந்தது.
போனது திரும்பி வர வழியில்லை இனி,
கல் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்,
தீரும்வரை.

ஏழு மணி. பஞ்ச் கார்டு அடித்தேன்.
சூளை வாயோரம் வைத்திருந்த பலாக்கொட்டையைத்
துணியில் சுற்றி எடுத்துப் போய்
லோகேந்திரன் மேசையில், இரண்டாவது மனுவின் மேல்
வைத்துவிட்டு வந்தேன்.

கையெழுத்து எதுவும் இல்லை அதில்.
காகிதம் பழுப்பாகத் தொடங்கியது.