கூடுதல் எரிபொருள்

ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து
வானத்தைப் பார்ப்பது யாஸ்னாவின் வேலை.
டிஸ்பாட்சர் என்றால் பார்சல் அனுப்புகிறவளா
என்று கேட்டிருக்கிறார் வீட்டுச் சொந்தக்காரர்.
ஒருவகையில் ஆமாம்.

சாந்தியாகோவில் ஜூலை மாதத்துக் குளிர்.
இரவு மணி இரண்டே கால்.
நான்கு திரைகள், ஒரு தொலைபேசி,
மூடி தொலைந்த ஃபிளாஸ்க்கில் ஆறிப்போன தேநீர்.

இரண்டாம் திரையில் ஆண்டிஸ் மலை
பழுப்புத் தழும்பாகக் கிடக்கிறது.
மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்று அழைத்த மொழி
இதை என்ன சொல்லி அழைத்திருக்கும்?
பசிபிக் நெடுக ஏனென்று கேட்க ஆளில்லாமல் வந்து
மலையில் முட்டி
பாறை இடறிய ஆற்றுநீராய் எழும்பி
அந்தப் பக்கம் குப்புற விழுகிறது.
பேரருவி.
நுரையில்லை, இரைச்சலில்லை,
சாரல்கூட இல்லை.

அதை நோக்கித்தான்
சாவோ பாலோவிலிருந்து வருகிறது எழுநூற்றுப் பதினெட்டு.
நூற்று அறுபத்து மூன்று பேர்.
மடிக்குழந்தைகள் இரண்டு, தனிக் கணக்கு.
ஒன்பது மணிக்கு அதன் பயணத் தாளில்
கையெழுத்திட்டவள் இவள்.
ஆயிரத்து நானூறு கிலோ எரிபொருள் கூடுதல்.
"எதற்கு?" என்றார் எலியேசர்.
"காற்றுக்கு."
"முன்னறிவிப்பில் மஞ்சள்தானே, சிவப்பில்லையே?"
அவள் வாதாடவில்லை.
எண்ணை மாற்றவும் இல்லை.

இரண்டு முப்பத்தொன்று.
முன்னே போன சரக்கு விமானம் சொல்கிறது:
கடுமை. மெந்தோசாவுக்கு மேற்கே.
எண்ணூறு அடி விழுந்தோம்.

வயிற்றில் புளி கரைக்க நேரமில்லை.
தெற்கே மலார்குவே பக்கம் மலை தாழும்.
சுற்றிவர எவ்வளவு எரியும்?
கணக்கிட்டாள்.
மறுபடியும் கணக்கிட்டாள்.
பிறகு தட்டினாள்:
மெந்தோசா வழி வேண்டாம். தெற்கே திரும்பவும்.
எல்லோரும் இடுப்பு வார் அணியட்டும்.
எரிபொருள் போதும்.

பதில் இல்லை.
பச்சைப் புள்ளி மேற்காகவே நகர்கிறது.

அப்போது தரை குலுங்கியது.
சின்னதுதான். இந்த ஊரில் மாதம் ஒன்று உண்டு.
யாரும் எழவில்லை,
வழக்கப்படி விளக்கை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.
யாஸ்னா இடது கையால் கோப்பையைப் பிடித்தாள்,
கண் புள்ளியில்.
இங்கே என்றால் வாசலுக்கு ஓடலாம்.
அங்கே வாசல் பூட்டியிருக்கும்.

விளக்கு நின்றது.
புள்ளி இன்னும் நிற்காமல் போனது.

இரண்டு முப்பத்தேழு.
தெற்கே திரும்பிவிட்டோம்.
முப்பத்திரண்டுக்கு ஒரு பலத்த அடி.
பணிப்பெண் ஒருவருக்குக் கணுக்கால் முறிவு.
காப்பி கூரையில்.
ஒலாவார்ரியா.

அடி முப்பத்திரண்டுக்கு.
அவள் அனுப்பியது முப்பத்து மூன்றுக்கு.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்.
சக்கர நாற்காலிக்குச் சொன்னாள்.
கத்தாரிலிருந்து இறங்கும் சரக்குக்காக ஒதுக்கிய
நிறுத்தத்தைப் பிடுங்கி இதற்குக் கொடுத்தாள்.
பிறகுதான் ஊழியர் பட்டியலைத் திறந்தாள்.
நான்காவது பெயர்: மில்லராய் கத்ரிலேயோ.
வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாள்.

விமானம் இறங்கியபோது
கூடுதலில் மிச்சம் இருநூற்றுப் பத்து கிலோ.
பெட்டி வரத் தாமதம் என்று
பயணிகள் மூன்று பேர் புகார் எழுதினார்கள்.
காலையில் எலியேசர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
சரியாக வந்த கணக்கை
இரண்டாம் முறை ஏன் போட்டாய் என்று
யாராவது கேட்டிருக்கலாம்.

வெளியே விடிந்திருந்தது.
மலைக்கு மேல் மூன்று மேகங்கள்,
கல்லில் வார்த்து அடுக்கியதுபோல்,
வழவழவென்று, அசையாமல்.
எவ்வளவு அழகு என்று
ஒருவர் காரை ஓரங்கட்டிப் படமெடுக்கிறார்.

பேருந்தில் இருக்கைகள் காலி.
யாஸ்னா நின்றபடியே வருகிறாள்,
கம்பியை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.